கார்டில் யார், கை நீட்டுவது யார்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தாம் எழுதுவார்கள். எனக்கு அந்த வயதில்லை. தோட்டக் கிளினிக்கை விட்டு விலகி நகரத்துக்கு வந்துவிட்டவள், அவ்வளவுதான். ஆனாலும் தோட்டங்களுக்குப் புதிதாக மருத்துவ உதவியாளர்களாகப் போகும் நீங்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "அக்கா, உங்க நோட்ஸ் டெம்ப்ளேட்ட அனுப்புங்களேன்." குழுவில் கேட்கிறீர்கள், தனியாகவும் கேட்கிறீர்கள். மூன்று தோட்டத்தையும் போனுக்குள் வைத்திருந்தவள் என்று பயிற்சியில் யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மைதான், வைத்திருந்தேன். டெம்ப்ளேட்டையும் அனுப்புகிறேன். அதில் ஒரு வரி இருக்கிறது. அது எப்படி வந்தது, அதனால் என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அம்மா புல் வெட்டினார். எந்தத் தாளானாலும் இருவரும் கட்டைவிரலைத்தான் மையில் தோய்ப்பார்கள். எழுதி வைக்காத எதையும் ஆபிஸ் நம்பாது என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லித்தருமுன்பே நான் தெரிந்துகொண்டேன். அதனால் வேலையில் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், போனில் ஒரு குறிப்புச் செயலியை இறக்கியதுதான்.

ரந்தாவிலிருந்து லிங்கி போகும் வழியில் மூன்று தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கிளினிக். கிளினிக்கின் கார்டில் நோயும் மருந்தும் மட்டும் இருக்கும். என் குறிப்பில் மனிதர்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு குறிப்பு, வீட்டுக்கு ஒரு குறிப்பு. ஆளைத் தொட்டால் வீடு திறக்கும். வீட்டைத் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் வரிசையாக வருவார்கள். "நாய் கடிக்கும், பின்பக்கமாக வந்து கூப்பிடவும்." "இன்சுலின் இவர் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கிறது." "மாத்திரையை நிறம் பார்த்துத்தான் சாப்பிடுவார். கம்பெனி மாறி நிறம் மாறினால் தூக்கி எறிந்துவிடுவார்." இப்படி. நான் விடுப்பில் போனபோது மாற்று ஆளாக வந்தவர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, லயத்து வீடுகளுக்குப் போகாமலேயே எல்லாரையும் தெரிந்த மாதிரி இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாதுகாப்புக் கூட்டம் ஒன்றில் திரையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கைதட்டினார்கள். மிஸியின் போனில் எல்லாம் இருக்கிறது என்பது அன்றிலிருந்து ஆபிஸில் எல்லாருக்கும் தெரியும்.

நீங்கள் போகும் இடத்திலும் உங்களை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தப் பார்க்காதீர்கள், வீண்வேலை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்குக் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், நஞ்சு உடம்பில் ஏற ஏற அதில் பார்க்கும் அளவு இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சேர்ந்த பிறகு வந்த முதல் பரிசோதனை நாளில் 'புஷ்பா' என்ற கார்டை எடுத்துக் கூப்பிட்டேன். வாடிய முகமும் நரைத்த தலையுமாக ஓர் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக் கையை நீட்டினார். கார்டில் இருந்த வயது அந்தக் கையில் இல்லை. இரண்டு மடங்கு இருந்தது.

"புஷ்பாவா?" என்றேன்.

"ஆமா மிஸி."

"புஷ்பா என்கூடத் தமிழ்ப்பள்ளியில ஒண்ணாப் படிச்சவம்மா."

"அப்ப நான் புஷ்பா இல்லன்னு உனக்கே தெரியுது. தெரிஞ்சதுக்கு அப்புறம் என்ன கேள்வி? ஊசியக் குத்து."

அவர் புஷ்பாவின் மாமியார் காளியம்மா. கதவோரம் நின்ற மண்டோர் சிரித்தார். மருந்தடிக்கும் கும்பலை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். "பேரு மருமகளோடது, வேலை மாமியாரோடது மிஸி. இங்க பாதி வீட்டுல அப்படித்தான் பேரு ஓடுது. ரத்தம் யாரோடதா இருந்தா என்ன, செவப்பாத்தானே இருக்கப்போவுது?"

பேர் ஓடுது. தோட்டத்தில் நீங்களும் இதைக் கேட்பீர்கள். வேலை செய்கிறவருக்குத்தான் தோட்டத்து வீடு. வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில், ஆபிஸின் வேலையாள் பட்டியலில், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியை ஆபிஸில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இளையவர்கள் வேலை தேடி வெளியே போய்விடுகிறார்கள். மூத்தவர்களுக்கு வயது கடந்துவிட்டதால் பெயர் பதிய முடியாது. ஆகவே இளையவரின் பெயர் பெரட்டில், காலை ஆள்கணக்கில், ஓடும். மூத்தவரின் உடம்பு மலைக்கு வேலைக்குப் போகும். மண்டோருக்கு ஆள் வேண்டும், வீட்டுக்குக் கூரை வேண்டும். யாரும் வாய் திறப்பதில்லை.

காளியம்மாவின் வீட்டில் கூரை யாருக்காக என்பதையும் சொல்கிறேன். அவருடைய மகன் செல்வம், புஷ்பாவின் கணவன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்ததில் முதுகு போய், முன்னறையில் கட்டிலோடு கிடந்தான். புஷ்பா போர்டிக்சன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்தாள். ஓய்வு நாளில் பஸ் பிடித்து வருவாள். செல்வத்தைக் குளிப்பாட்டி, வீட்டைக் கழுவி, துணி துவைத்துவிட்டு மறுபடியும் பஸ் ஏறுவாள். அந்த வீடு போனால் செல்வத்தின் கட்டிலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

அன்று கிளினிக் கார்டில் 'புஷ்பா' என்றே எழுதினேன். ஆபிஸில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் இரத்தம் யாருடையது என்பது எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். என் செயலியில் அந்த வீட்டுக் குறிப்பில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். 'கார்டில் யார், கை நீட்டுவது யார்.' அந்த வரியிலிருந்து புஷ்பாவின் குறிப்புக்கு ஒரு லிங்க், காளியம்மாவின் குறிப்புக்கு ஒரு லிங்க். பேர் ஓடிய மற்ற வீடுகளுக்கும் அப்படியே செய்தேன். காளியம்மாவின் பழைய கார்டு அவர் வேலையிலிருந்து நின்ற அன்றே மூடப்பட்டு ஆபிஸ் ஸ்டோரில் ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடந்தது. ஆகவே அவரைப் பற்றிய எல்லாமே, ரந்தாவ் அரசு கிளினிக்கில் அவர் வாங்கிச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் பெயர் உட்பட, என் போனில் மட்டுமே ஒரே இடத்தில் இருந்தது.

வண்டுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, மண்டோரின் பிக்கப் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டே கிளினிக் வாசலில் வந்து நின்றது. பின்னால் காளியம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகியது. உடம்பெல்லாம் வியர்வை. கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செய்தேன். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. மருத்துவமனைக்கான கடிதத்தை எடுத்தேன். முதல் கட்டம், பெயர்.

மண்டோர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "புஷ்பான்னே போட்டுரு மிஸி. ரோல்ல இன்னிக்கு அவ பேருக்குத்தான் டிக் போட்டிருக்கேன்."

"புஷ்பாவுக்கு வயசு என்ன மண்டோர்? இவங்க மூஞ்சியப் பாத்தா டாக்டர் நம்புவாரா?"

"டாக்டருக்கு என்னா தெரியும்? தோட்டத்து வெயில்ல எல்லாரும் இப்படித்தான்னு நெனைச்சுக்குவாரு லா."

காளியம்மாவுக்கு நினைவு வந்து போய்க்கொண்டிருந்தது. என் சட்டையைப் பிடித்தார். "புஷ்பான்னு போடு தாயி. வூடு போயிரும். அவன் கெடக்கிறான்."

நிதானமாக யோசித்துத் தீர்ப்பு சொல்ல அங்கே நேரமில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவருடைய நாடி மிகவும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மருந்து நஞ்சும் நாடியை மெதுவாக்கும். அவர் தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரையும் மெதுவாக்கும். இரண்டும் சேர்ந்திருப்பது டாக்டருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புஷ்பா எந்த மாத்திரையும் சாப்பிடாதவள். புஷ்பா என்று எழுதினால் அந்த மாத்திரையை எழுத முடியாது.

போனைத் திறந்தேன். காளியம்மாவின் பெயர், ஐசி எனும் அடையாள அட்டையின் எண், வயது, மாத்திரை, அளவு, முன்பு ஒருமுறை ஊசி ஒத்துக்கொள்ளாமல் தடித்தது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கடிதத்தில் எழுதினேன். உடம்பில் பட்ட மருந்தின் பெயரையும் எழுதினேன். 'எங்கே, எந்த வேலையின்போது' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். மண்டோர் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே போனார். காளியம்மா என் சட்டையை விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள்தாம் விரலைப் பிரித்து விட்டார்கள்.

அவர் பிழைத்தார். மருத்துவமனையிலிருந்து போனில் பேசிய டாக்டர், மாத்திரையைப் பற்றி எழுதியிருந்தது மிகவும் உதவியது என்றார். அந்த நிமிடம் எனக்குக் கர்வம்கூட வந்தது. ஆனால் மருத்துவமனை எனக்கு மட்டும் போன் செய்யவில்லை. விதிப்படி தோட்ட ஆபிஸுக்கும் செய்தது: உங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு மருந்து நஞ்சு. ஆபிஸ் ரோலைப் பார்த்தது. காளியம்மா என்று யாரும் வேலையில் இல்லை.

அசிஸ்டன்ட் மேனேஜர் கிளினிக்குக்கு வந்தார். நகரத்தில் படித்த, குரல் உயர்த்தாத இளைஞர். கூட்டத்தில் எனக்கு முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

"மிஸி, காளியம்மா ரோல்ல இல்ல. பீல்டுல எப்படி விழுந்தாங்க?"

"கொண்டு வந்தாங்க சார், பாத்தேன். எங்க விழுந்தாங்கன்னு நான் பாக்கல."

"உங்க நோட்ஸ்ல இருக்கும் லா."

மேசைமேல் இருந்த கார்டுகளை அடுக்கினேன்.

"பாருங்க, ஹெட் ஆபிஸ் கேக்குது. இது ஒரு வீடா, இன்னும் இருக்கான்னு. நீங்க யாரையும் காட்டிக் குடுக்க வேணாம். போனக் குடுங்க, நானே பாத்துக்கிறேன். கம்பெனி கிளினிக்தானே?"

"கிளினிக் கம்பெனியோடது சார். போன் என்னோடது."

"நோட்ஸ் யாரோடது?"

கம்பெனி நேரத்தில், கம்பெனி நோயாளிகளைப் பற்றி, நானாக எழுதியது. யாருடையது அது? நீங்கள் வேலையில் சேருமுன்பே இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப்படும் அன்று யோசிக்க முடியாது.

"நாளைக்குக் காலையில வர்றேன். கூடவே ஒக்காந்து பாப்போம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முடியாது என்று நான் நின்றிருந்தால் மறுவாரமே வேறொரு மிஸி வந்திருப்பாள். இருக்கிற வீடுகளை ஆபிஸ் ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கும்.

செயலியை மொத்தமாக அழித்துவிடலாமா என்று நினைத்தேன். ஐஸ்பெட்டியில் யார் இன்சுலின் இருக்கிறது, யாருக்கு எந்த ஊசி ஆகாது, எல்லாம் அதில் இருந்தது. அதே வாரத்தில்தான் அந்தக் குறிப்பு ஓர் உயிரைக் காப்பாற்றியிருந்தது. மனம் வரவில்லை. ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் நீக்க முடிவு செய்தேன். நோயாளிகள் போன பிறகு கிளினிக் மேசையிலேயே உட்கார்ந்து, பேர் ஓடிய வீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். 'கார்டில் யார், கை நீட்டுவது யார்' என்பதை அழித்தேன். லிங்கை வெட்டினேன். அடுத்த வீடு. அடுத்த வீடு. முடித்துவிட்டு ஒருமுறை தேடிப் பார்த்தேன். எங்கும் எதுவும் வரவில்லை. சுத்தமாகச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தேநீர் போட்டுக் குடித்தேன்.

காலையில் அவர் வந்தார். போனை மேசைமேல் வைத்தேன். காளியம்மா என்று தேடினார். மாத்திரை, ஐசி, ஒத்துக்கொள்ளாத ஊசி. அவ்வளவுதான். புஷ்பா என்று தேடினார். அவள் குறிப்பிலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. "சரி மிஸி," என்று போனை என் பக்கம் தள்ளினார். நான் கையை நீட்டினேன்.

தள்ளிய கையாலேயே மறுபடி இழுத்துக்கொண்டார். மூலையில் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டார். 'பெயர் வரிசை' என்று இருந்ததை 'கடைசியாகத் திருத்தியவை முதலில்' என்று மாற்றினார்.

வீடுகள் இடம் மாறின. நான் முந்தின நாள் கை வைத்த வீடுகள் எல்லாம், அவை மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக மேலே வந்து நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நேற்று' என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே மற்ற வீடுகள், போன வாரம், போன மாதம் என்று. எதை அழித்தேன் என்று செயலி சொல்லவில்லை. எங்கெல்லாம் அழித்தேன் என்பதைச் சொல்லிவிட்டது. ஹெட் ஆபிஸ் கேட்ட பட்டியலை என் கையாலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் தன் போனை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார்.

"நன்றி மிஸி," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கீங்க."

ஆபிஸ் யாரையும் திட்டவில்லை, போலீசுக்கும் போகவில்லை. அந்த வீடுகளில் ரோலில் பெயர் உள்ளவர்கள் ஐசியோடு நேரில் பெரட்டுக்கு வர வேண்டும் என்று அறிவித்தது, அவ்வளவுதான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட பெயர்கள் வரவில்லை. அந்த வீடுகள் காலியாயின. லோரியின் முன்சீட்டில் சாமிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, கிளினிக்கைக் கடக்கும்போது எனக்குக் கையசைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

காளியம்மா மருத்துவமனையிலிருந்து திரும்பினார். கையில் நடுக்கம் நிற்கவில்லை. கிளாஸைப் பிடித்தால் தண்ணீர் சிந்தியது. வேலையில் பட்ட காயத்துக்குக் கிடைக்க வேண்டிய எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆபிஸ் கணக்கில் அவர் வேலையே செய்யவில்லையே. அவர் வேலை செய்தார் என்று எழுதப்பட்டிருந்த ஒரே இடத்தில் நான்தானே அதை அழித்தேன்.

ஆனால் அவர்களுடைய வீடு போகவில்லை. புஷ்பா பெரட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த பரிசோதனை நாளில் அவள் கார்டை எடுத்துக் கூப்பிட்டேன். நீலச் சட்டையும் முட்டிவரை பூட்ஸுமாக உள்ளே வந்து உட்கார்ந்தாள். பள்ளியில் என்னைவிட வேகமாக வாய்ப்பாடு சொல்பவள். மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

பெயரைக் கேட்டுத்தான் இரத்தம் எடுக்க வேண்டும் என்பது விதி. கேட்டேன்.

"புஷ்பா," என்றாள்.

"ஹோட்டல் வேலை?"

"நின்னுட்டேன். அங்க ரூமுக்கு ரூம் ஏர்கான். கர்ட்டன இழுத்தா கடல் தெரியும். இங்க இழுத்தா உன் மூஞ்சி." சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். "அடுத்த வருஷம் சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொல்லியிருந்தாங்க. பரவால்ல. செல்வத்துக்கு டெய்லி குளிப்பாட்ட ஆள் கெடச்சிருச்சு."

அவள் கையைத் துடைத்து ஊசியைக் குத்தி இரத்தம் எடுத்தேன். இளம் கை, நரம்பு தேடாமலேயே கிடைத்தது. கார்டில் எழுதினேன். பழக்கத்தில் என் போனையும் எடுத்தேன்.

அவள் அதையே பார்த்தாள். அதுவரை என்னைத் தேவி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"இப்ப சரியா இருக்கா மிஸி, உன் நோட்டு?"

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

உங்களுக்கு அனுப்பும் டெம்ப்ளேட்டில் அந்த வரி இருக்கிறது. நீக்கச் சொல்லமாட்டேன். அது இல்லாதிருந்தால் காளியம்மா ஆம்புலன்ஸிலேயே போயிருப்பார். நிரப்பும்போது மட்டும், இந்தப் போனை வேறு யாராவது திறந்தால் எந்த வீட்டுக் கட்டில் வெளியே வரும் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு நிரப்புங்கள். பிறரிடம் உங்கள் ஒழுங்கைக் காட்டிக் கைதட்டல் வாங்காதீர்கள். எதையாவது அழிக்க வேண்டிய நாள் வந்தால், எல்லா வீட்டையும் தொடுங்கள். தொட வேண்டிய வீடுகளை மட்டும் தொடாதீர்கள். இவ்வளவும் செய்தால் போதுமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

நான் அங்கிருந்து கிளம்புமுன் இன்னொரு பரிசோதனை வந்தது. புஷ்பாவின் இரத்தத்தில் அந்த அளவு இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், வேறு வேலைக்கு மாற்றச் சொல்லும் அளவுக்கு இல்லை. கார்டில் எழுதினேன். என் குறிப்பிலும் எழுதினேன். இரண்டிலும் ஒரே பெயர்தான்.